அப்பத்தாவின் பல்செட்டில் குடியிருந்தவர்கள்

ஒரு தடவை மருந்தாலேயே முற்றி, அப்புறம் இரண்டு தடவை ஆறி, ஆறிய இரண்டு தடவையும் திரும்பி வந்த ஒரு வாய்ப்புண்ணைப் பற்றி எழுதுகிறேன். நோயாளி என் அப்பத்தா. நான் ரங்கூனில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாகக் கிருமி வளர்க்கிற வேலை பார்க்கிறவன். சளி, சிறுநீர், சீழ் என்று யார் யாருடையதோ குப்பியில் வரும், அதைத் தட்டில் தடவி வைத்து, மறுநாள் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பேன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே இந்த விஷயம் நாலு மாதம் இழுத்துக்கொண்டு போனது. அப்பத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கப்பு, ஆனா பொக்கவாய் போட்டோவ மட்டும் போட்டுராத" என்றாள்.

ஆள்

வயது 79. எங்கள் முன்னோர் சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள், அப்பத்தா பிறந்து வளர்ந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிரியத்தில், இப்போது தன்லின் என்கிறார்கள். இருபது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைட் இரண்டும் எடுக்கிறாள், அல்லது எடுப்பதாகச் சொல்கிறாள். 2022 நவம்பரில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.9 காட்டியது. மேல் வரிசையில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது, முழுத் தட்டு பல்செட்டு. கீழே முன்னால் ஆறு பல், காரை பிடித்து நிற்கின்றன.

வெற்றிலை உண்டு. இந்த ஊரில் தெருமுனைக்குத் தெருமுனை குன்யா கடை, சுண்ணாம்பு தடவி மடித்து வைத்திருப்பான், அப்பத்தாவுக்குக் கடைக்காரன் மடிப்பது பிடிக்காது, தானே மடித்துக்கொள்வாள். பல்செட்டில் வெற்றிலைக் கறை கருஞ்சிவப்பாக ஓடு மாதிரி பிடிக்கும். அதைப் போக்க அவள் வைத்திருந்த மருந்து உமிக்கரியும் உப்பும். சிரியம் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து யாராவது வரும்போது உமி வரும், கரியாக்கி டப்பாவில் வைத்துக்கொண்டு கட்டை பிரஷால் தினமும் காலையில் தேய்தேய் என்று தேய்ப்பாள். பல்செட்டு பளபளவென்று இருக்கும். வீட்டில் எல்லோரும் அப்பத்தா சுத்தக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நடந்தது

2022 அக்டோபரில், தடின்ஜு விளக்கு வைக்கிற சமயம், இருமல் பிடித்தது. எதிர்க் கடையில் மருந்துப் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். இங்கே அது சகஜம், என்ன வியாதி என்று சொன்னால் நாலைந்து மாத்திரையைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார்கள், மேலே பேர் இருக்காது. காலிப் பையோடு மிச்சம் இருந்த ஒரு வேளை மருந்தைப் பிறகு நான் பார்த்தேன். அமாக்சிசிலின் கேப்ஸ்யூல் ஒன்று, அது நிச்சயம். கூடவே ஒரு பொடி மாத்திரை இருந்தது. இரண்டே நாளில் இருமல் குறைந்து பசி எடுத்துச் சர்க்கரையும் ஏறியதை வைத்துப் பார்த்தால் அது ஸ்டீராய்டு என்றுதான் என் கணக்கு.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் மொய்ங்கா, இந்த ஊர் மீன் குழம்பு நூடுல்ஸ், வாங்கி வந்தேன். ஒரு வாய் வைத்தாள், கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். "எரியுது." மொய்ங்காவை அப்பத்தா தள்ளுகிறாள் என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் அண்ணம் முழுக்கச் சிவப்பு, அதுவும் பல்செட்டு உட்காருகிற இடம் எதுவோ அது வரைக்கும் மட்டும், முத்திரை குத்தினது மாதிரி ஓரம் தெளிவாக இருந்தது. வாயின் இரண்டு கடைக்கோடியிலும் வெடிப்பு, வலது பக்கம் மஞ்சளாகப் பொருக்கு கட்டியிருந்தது.

பக்கத்து மருத்துவமனையில் காட்டினோம். பல்செட்டைக் கழற்றச் சொல்லவில்லை, தொண்டைப் புண் என்று வேறொரு ஆன்டிபயாடிக் எழுதினார்கள். ஐந்தாம் நாள் அண்ணம் ரத்தச் சிவப்பு. அப்போதுதான் நான் விழித்துக்கொண்டு, பஞ்சுக்குச்சியால் அண்ணத்தைத் துடைத்து எங்கள் கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

கண்ணாடித் தகட்டில் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தால், ஊதா நிறத்தில் பெரிய முட்டை முட்டையாக ஈஸ்ட் என்கிற பூஞ்சையின் செல்கள், சிலது நீண்டு இழையாகியிருந்தன. எந்த ஈஸ்ட் என்று தெரிந்துகொள்ள எங்களிடம் பழைய, மலிவான வழி ஒன்று உண்டு: கொஞ்சம் ஈஸ்ட்டை மனித ரத்தச் சீரத்தில் கரைத்து 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்றால் ஒவ்வொரு செல்லிலிருந்தும் பயறு முளை விடுவதுபோல ஒரு குழல் நீளும். அன்றைக்குக் குழாயை வைத்த அரை மணியில் மின்சாரம் போய்விட்டது, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. மூடியை இறுக்கி, குழாயைச் சட்டைக்குள் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். (யாரும் செய்யாதீர்கள். நான் செய்தேன்.) முளை விட்டிருந்தது. கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்று எழுதிக்கொண்டேன்.

என் தவறு இங்கேதான். அதே தகட்டில், பூஞ்சை இழைகளின் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன உருண்டை பாக்டீரியாக்கள், நாரில் மல்லிகை தொடுத்த மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தன. பார்த்தேன். "வாயில் இருக்கிற கிருமிதானே" என்று விட்டுவிட்டேன். பதினோரு வருடமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். வாய் மாதிரியில் உருண்டைக் கிருமி இருந்தால் 'வழக்கமாக இருப்பவை' என்று ஒரு வரி எழுதுவதோடு சரி.

ஃப்ளூகோனசோல் என்கிற பூஞ்சை மாத்திரை ஏழு நாள் கொடுத்தார்கள். ஆறியது. மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி, இந்தத் தடவை பதினான்கு நாள். ஒன்பதாம் நாள் அப்பத்தா அடுப்படியில் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டாள், விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52. ஃப்ளூகோனசோல், கிளிமிபிரைட் மாதிரி மாத்திரைகள் கல்லீரலில் கரைவதைத் தடுக்கும், அதனால் சர்க்கரை மாத்திரை ஒன்று இரண்டாக வேலை செய்யும். இது புத்தகத்தில் இருக்கிற விஷயம், எழுதிக் கொடுத்தவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சீனித் தண்ணீர் கொடுத்துத் தேற்றினோம். புண் ஆறியது. ஜனவரிக் கடைசியில் மறுபடியும் அதே சிவப்பு, அதே ஓரம்.

இரவில் பார்த்தது

பிப்ரவரியில் ஒரு ராத்திரி மின்சாரம் இல்லை, கொசுவலைக்குள் அப்பத்தாவுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேல் வரிசைப் பல் அத்தனையும் இருந்தது. காலையில் கேட்டேன், பல்செட்டைக் கழற்றாமலா படுக்கிறாய் என்று.

"நர்கிசுல போன பல்லு திரும்பி வந்துச்சாப்பு?" என்றாள்.

2008 மே 2 ராத்திரி நர்கிஸ் புயல் கரையேறி, விடியலில் ரங்கூனையும் சிரியத்தையும் புரட்டிப் போட்டபோது அப்பத்தா சிரியத்தில் சித்தப்பா வீட்டில் இருந்தாள். அதுவரை ஒழுங்காக, பல் கட்டியவர் சொன்னபடி, ராத்திரி கழற்றி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஜன்னல் திட்டில் வைக்கிற பழக்கம். கூரைத் தகரம் போனது, ஜன்னல் போனது, டம்ளரும் போனது. எல்லோரும் உயிரோடு இருந்தோம், ஐராவதி டெல்டா பக்கம் செத்தவர்கள் கணக்கில் பல்செட்டைப் பற்றி யார் பேச முடியும். ஆனால் புதுப் பல் கட்டப் பணம் புரள ஐந்து மாதம் ஆனது. நடுவில் என் அக்கா கல்யாணம் வந்தது. அந்தப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் அப்பத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், நாங்கள் அழுகிறாள் என்று நினைத்திருந்தோம். புதுப் பல் வந்த நாள் முதல், சுத்தம் செய்கிற அந்தக் கால் மணி நேரம் தவிர, பதினான்கு வருடம் அதைக் கழற்றவே இல்லை.

அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பல்செட்டைக் கையில் வாங்கி, திருப்பி, அண்ணத்தில் படுகிற பக்கத்தைப் பார்த்தேன். வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது, உள்பக்கம் மங்கல். விரலால் தடவினால் வழுவழுப்பு. பத்து மடங்கு பெருக்கும் லென்சில் பார்த்தால், உமிக்கரி கீறிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக உழுத வயல் போல ஓடின, ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் வெள்ளையாக ஏதோ அடைந்திருந்தது. உமியில் இருப்பது சிலிக்கா, கண்ணாடியின் மூலப்பொருள். பல்செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் அதற்கு முன்னால் மெழுகு மாதிரி.

தட்டில் என்ன இருந்தது

பிளேடு நுனியால் கீறல் ஒன்றைச் சுரண்டி எடுத்தேன், வாய்க்கடை வெடிப்பில் தனியாக ஒரு பஞ்சுக்குச்சி. அண்ணத்தில் எடுத்ததைவிடப் பல்செட்டில் எடுத்ததில் பூஞ்சை பல மடங்கு அடர்த்தி. நிறம் காட்டும் ஊட்டத்தட்டில் பச்சைப் பச்சையாக ஆல்பிகன்ஸ் நிரம்பியது, ஓரத்தில் இரண்டு மூன்று இளஞ்சிவப்புக் காலனிகள் வேறு ஏதோ கேண்டிடா. ரத்தம் கலந்த ஊட்டத்தட்டில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற உருண்டை பாக்டீரியாக் கூட்டம். வாய்க்கடையிலிருந்து பொன்னிறக் காலனிகள்; பிளாஸ்மாவில் போட்டதும் நாலு மணி நேரத்தில் குழாயைச் சாய்த்தாலும் நகராத தயிராக உறைந்தது, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அதே தட்டில் கேண்டிடாவும் கூடவே முளைத்திருந்தது.

இந்த ஊரில் போகிறவர் வருகிறவர் குடிக்கட்டும் என்று தெருவோரம் மண்பானையில் தண்ணீர் வைப்பார்கள். நாலு நாள் கழுவாத பானைக்குள் விரலை விட்டுத் தடவினால் வழுவழுவென்று ஒன்று படும், தண்ணீரை எத்தனை தடவை மாற்றினாலும் அது போகாது, தேய்த்தால்தான் போகும். அதுதான் நுண்ணுயிர்ப் படலம், பயோஃபிலிம் என்கிறார்கள். கிருமிகள் தனித்தனியாக நீந்திக்கொண்டிருக்கும் என்றுதான் நாம் படித்தது. நிஜத்தில் இடம் கிடைத்தால் ஒட்டி, தாங்களே பசை சுரந்து, அந்தப் பசைக்குள் ஊர் கட்டிக்கொண்டு வாழ்வதுதான் அவற்றுக்குப் பிடித்த வாழ்க்கை. 1680களில் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரம் செய்த லேவன்ஹூக் இதைத் தன் பல்லிலேயே கண்டுபிடித்துவிட்டார். வினிகரால் வாய் கொப்பளித்தார், பல்லில் படிந்திருந்ததைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே உயிருள்ளவை இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. வினிகர் மேல்பக்கம் இருந்தவற்றை மட்டும்தான் கொன்றிருக்கிறது என்று எழுதி வைத்தார். அப்பத்தாவுக்கு நாங்கள் கொடுத்த மாத்திரையும் அந்த வினிகர் செய்த வேலையைத்தான் செய்தது. ரத்தம் ஓடுகிற அண்ணத்துக்கு ஃப்ளூகோனசோல் போய்ச் சேர்ந்தது. பிளாஸ்டிக்குக்குள் ரத்தம் ஓடுவதில்லை, அங்கே எப்படிப் போகும்?

சரி, பூஞ்சையும் பாக்டீரியாவும் அங்கே என்ன செய்துகொண்டிருந்தன. பல்செட்டைக் கழுவி வாயில் வைத்த சில நிமிடத்தில் எச்சிலின் புரதங்கள் அக்ரிலிக் மேல் மெல்லிசாகப் படியும். அதன்மேல் முதலில் வந்து உட்காருபவை பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையறா. ஆல்பிகன்ஸ் இழையின் மேல்தோலில் ஏஎல்எஸ்3 என்று ஒரு புரதம் இருக்கிறது, கொக்கி மாதிரி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கோர்டோனியின் மேல் எஸ்எஸ்பிபி என்று இன்னொரு புரதம். இரண்டும் மாட்டிக்கொள்ளும். நான் தகட்டில் பார்த்த மல்லிகைச் சரம் இப்படித் தொடுக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும். மாட்டிக்கொண்ட பிறகு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாகக் கழிக்கிறது, அதையே பூஞ்சை சாப்பாடாக எடுத்துக்கொள்கிறது. பூஞ்சை ஆக்சிஜனை இழுத்துவிடுவதால் படலத்தின் அடியில் காற்றில்லாத மூலைகள் உண்டாகின்றன, காற்றுப் பட்டால் செத்துப்போகிற பாக்டீரியாக்கள்கூட அங்கே நிம்மதியாக இருக்கின்றன. 2014 வாக்கில் பெட்ரித் தட்டில் இதைச் செய்து காட்டினார்கள், சுற்றிலும் காற்று இருக்க, கேண்டிடா படலத்தின் உள்ளே மட்டும் காற்றுக்கு ஆகாத கிளாஸ்ட்ரிடியம் வளர்ந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று தோசை மாவு கரைக்கிற எவரும் சொல்வார்கள். அரிசியும் உளுந்தும் அரைத்து வைத்தால் லூக்கோநாஸ்டாக் பாக்டீரியா புளிக்க வைக்க, கூடவே ஈஸ்ட்டும் சேர்ந்துகொள்ள, காலையில் பாத்திரம் பொங்கி நிற்கும். பர்மாக்காரர்களும் தோஷே என்று வாங்கித் தின்கிறார்கள். கூட்டுக்குடித்தனம் என்பது நுண்ணுயிர்களுக்கு வழக்கம்தான், எந்த இடத்தில் நடக்கிறது என்பதில்தான் நமக்கு வம்பு.

எப்போதுமே ஒற்றுமை என்றும் இல்லை. சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா கேண்டிடாவின் இழைகளின் மேல் படலம் கட்டி அவற்றைக் கொன்றுவிடும், அதே கேண்டிடா உருண்டை ஈஸ்ட் வடிவத்தில் இருந்தால் ஒட்டாமல் விட்டுவிடும்; ஹோகன், கோல்ட்டர் என்ற ஆய்வாளர்கள் 2002ல் காட்டியது. எனக்கு இதைப் படித்தபோது பிள்ளை வீட்டு, பெண் வீட்டுச் சம்பந்திச் சண்டை ஞாபகம் வந்தது.

அண்ணம் மட்டும் ஏன்? கீழ் வாய் முழுக்க எச்சிலில் நனைகிறது, எச்சிலில் கிருமிகளை அடக்குகிற புரதங்கள் நிறைய. மேல் தட்டு உறிஞ்சிப் பிடித்து உட்காருவதால் அடியில் எச்சில் நுழையாது. ராத்திரி தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைவு. ஒரு நாளில் இருபத்து மூன்றே முக்கால் மணி நேரம் மூடிய, ஈரமான, வெதுவெதுப்பான அறை. சர்க்கரை வியாதிக்காரர் எச்சிலில் கூடுதல் இனிப்பு. அமாக்சிசிலின் போட்டியாளர்களைக் குறைத்தது, ஸ்டீராய்டு உடம்பின் காவல்காரர்களைத் தூங்க வைத்தது. ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் வாயில் கேண்டிடா சும்மா கிடக்கிறது. அப்பத்தா வாயில் அதற்கு வீடும் கட்டி, வாடகையும் தள்ளுபடி செய்து, வாட்ச்மேனையும் அனுப்பிவிட்டோம்.

வாய்க்கடை வெடிப்பு தனிக் கதை. பதினான்கு வருடத்தில் பிளாஸ்டிக் பல் தேய்ந்து குட்டையாகிவிட்டது. வாயை மூடும்போது தாடை கூடுதலாக மேலே போய் உதட்டோரம் மடிகிறது, மடிப்பில் எச்சில் தேங்கி ஊறி வெடிக்கிறது. அங்கே கேண்டிடாவும் ஆரியஸும் சேர்ந்து வந்தது தற்செயல் இல்லை, வாய்க்கடைப் புண்ணில் இந்த ஜோடியை அடிக்கடி பார்க்கலாம். ஆரியஸும் அதே ஏஎல்எஸ்3 கொக்கியைத்தான் பிடிக்கிறது. பூஞ்சை இழை திசுவுக்குள் துளைத்துக்கொண்டு போகும்போது தோளில் உட்கார்ந்து உள்ளே போய்விடுகிறது. தன் சொந்தக் காலில் நின்றால் அவ்வளவு ஆழம் போக முடியாத கிருமி. இன்னொரு ஆதாயமும் உண்டு. கேண்டிடா சுரக்கிற குளுக்கன் பசை ஆரியஸைச் சுற்றிப் போர்த்திக்கொள்வதால் வான்கோமைசின் மாதிரி பெரிய மருந்தே ஆய்வுக்கூடத்தில் திணறியிருக்கிறது. மருந்து பாக்டீரியாவுக்கு, கவசம் பூஞ்சையினுடையது. இது வாய்க்கடையில் இருந்தால் எரிச்சல், டயாலிசிஸ் குழாயிலோ சிறுநீர்க் குழாயிலோ இருந்தால் உயிர்ப் பிரச்சினை. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக வெளியிட்ட அபாயப் பூஞ்சைப் பட்டியலில் ஆல்பிகன்ஸ் மேல் அடுக்கில் இருக்கிறது. அதே அக்டோபரில்தான் எங்கள் வீட்டு மொய்ங்கா கிண்ணம் தள்ளி வைக்கப்பட்டது.

இந்த ஜோடிகளைப் பற்றித் தேடப்போய் வேறொரு விஷயம் கண்ணில் பட்டது, எங்கள் தெருவுக்கு இது அப்பத்தா கதையைவிட முக்கியம். பால்புட்டியில் டின்பால் கரைத்து வாயில் வைத்துத் தூங்கப் போடுகிற குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வயதில் முன்பல் வரிசையே கரைந்து கறுத்துப்போகும், பார்த்திருப்பீர்கள். அங்கே கூட்டாளிகள் கேண்டிடாவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்சும். மியூட்டன்ஸ் விடுகிற ஒரு என்சைம் போய்ப் பூஞ்சையின் மேல்தோலில் ஒட்டி, சீனியிலிருந்து அங்கேயே பசை தயாரிக்கிறது, அந்தப் பசை இரண்டையும் பல்லோடு சேர்த்துக் கட்டுகிறது. சீனி இல்லை என்றால் பசை இல்லை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஹ்யூன் கூ என்பவரின் குழு, இப்படிப் பல் போன குழந்தைகளின் எச்சிலில் இந்தக் கூட்டணிகள் கட்டியாகவே மிதப்பதை 2022ல் காட்டியது. அதோடு, பூஞ்சை இழைகளைக் கால் மாதிரி வீச, கட்டி முழுவதும் பரப்பின் மேல் 'நடக்கிறது', சில சமயம் தாவுகிறது. மியூட்டன்சுக்கு நகரவே தெரியாது, பூஞ்சை மேல் ஏறிச் சவாரி.

குடலிலும் இதே மாதிரி ஒரு கூட்டணி இருக்கிறது. கிளீவ்லாந்தில் கன்னூம் குழு 2016ல், க்ரோன் என்கிற குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் கேண்டிடா டிராபிகாலிஸ் பூஞ்சை, ஈ.கோலை, செராஷியா பாக்டீரியாக்கள் மூன்றும் கூடுதலாக இருப்பதையும், மூன்றையும் சேர்த்து வளர்த்தால் படலம் தடிமனாவதையும் எழுதியது. அந்த நோய்க்குக் காரணமே இதுதானா என்பது வேறு கேள்வி, நான் அதற்குள் போகவில்லை.

என்ன செய்தோம்

பல் மருத்துவர் ஒருவரிடம் பல்செட்டையும் அப்பத்தாவையும் சேர்த்துக் கொண்டுபோனோம். அவர் பர்மாக்காரர், அண்ணத்தைப் பார்த்த பத்து விநாடியில், "ராத்திரி கழற்றுவதில்லையா?" என்று கேட்டார். எனக்கு நாலு மாதம் ஆன கேள்வி.

ஃப்ளூகோனசோல் வேண்டாம் என்றார். நிஸ்டாடின் என்கிற பூஞ்சை மருந்துத் திரவம் நாளைக்கு நாலு வேளை, பல்செட்டைக் கழற்றிவிட்டு, வாயில் வைத்துச் சுழற்றி. நிஸ்டாடின் வாயைவிட்டு ரத்தத்துக்குள் போவதில்லை என்பதால் சர்க்கரை மாத்திரையோடு மோதாது. நான் புத்திசாலித்தனமாகக் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பானும் சேர்க்கலாமா என்று கேட்டேன், இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்யும் என்று தலையாட்டினார். வாய்க்கடைக்கு மைக்கோனசோல் களிம்பு, அது பூஞ்சையோடு ஆரியஸ் மாதிரி பாக்டீரியாவையும் ஓரளவு பிடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாளா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினார். வாய்க்குள் போடுகிற மைக்கோனசோல் ஜெல் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு வரை போயிருக்கிறது.

பல்செட்டுக்குத் தனி வைத்தியம். உமிக்கரி டப்பா குப்பைக்குப் போனது, பெரிய ரகளைக்குப் பிறகு. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மெல்லிய பிரஷ். அப்புறம் வீட்டு ப்ளீச், 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை, பிறகு நன்றாக அலசி, ராத்திரி முழுக்க வெறும் தண்ணீரில். உலோகம் சேர்த்துக் கட்டிய செட்டை ப்ளீச்சில் போட்டால் அரித்துவிடும். வினிகரோடு கலந்தால் விஷவாயு வரும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அக்ரிலிக் வளைந்து பிறகு வாயில் உட்காராது. இந்த மூன்றையும் செய்தவர்களை எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

ராத்திரிதான் பெரும்பாடு. ஜப்பானில் 85 வயது தாண்டிய ஐந்நூற்றுச் சொச்சம் பேரை மூன்று வருடம் கவனித்ததில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வருவது இரண்டு மடங்குக்கு மேல் என்று 2015ல் எழுதினார்கள். படலத்தின் துணுக்குகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குவது காரணமாக இருக்கலாம். இதைப் படித்துக் காட்டினேன். "சப்பான்ல நர்கிஸ் வந்துச்சா?" என்றாள். அவளோடு வாதம் செய்து ஜெயித்தவர் இல்லை. கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். ஊறுகாய் போடுகிற, திருகு மூடி உள்ள சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரும் பல்லும், டப்பா சுருக்குப் பைக்குள், பை அப்பத்தாவின் இடுப்பில். வீடு பறந்தாலும் பல் கூடவே பறக்கும். முதல் நாலு நாள் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து பையைத் தடவிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் குறட்டை.

இரண்டு வாரத்தில் அண்ணம் இளஞ்சிவப்புக்கு வந்தது. வாய்க்கடை மூடியது, ஆனால் மடிப்பு இருக்கிறதே, மறுபடி வெடிக்கும் என்பதால் மார்ச்சில் புதுப் பல்செட்டு கட்டினோம், உயரம் சரி செய்து. பழையதைத் தூக்கிப் போட மனமில்லாமல் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூடத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு லென்சில் அந்தக் கீறல்களைக் காட்டுகிறேன். வாய் மாதிரியில் பூஞ்சை வந்தால் இப்போதெல்லாம் அறிக்கையின் அடியில் 'இழைகளின் மேல் உருண்டை பாக்டீரியாக்கள்; பல்செட்டு உண்டா?' என்று கையால் எழுதி அனுப்புகிறேன். ஒரு மருத்துவர் போன் செய்து, கேட்டதற்கு மட்டும் பதில் எழுது என்றார். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மே மாதம் எடுத்த மாதிரியில் கேண்டிடா கொஞ்சம் இருந்தது, அது இருக்கும், இழை இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.6. மொய்ங்காவுக்கு மிளகாய்த்தூள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறாள்.

2023 மே 14 அன்று மோக்கா புயல் சித்வே பக்கம் கரையேறியது. ரங்கூனுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் இரண்டு நாளாக வானொலியிலும் போனிலும் அதே பேச்சு, மழை, காற்று, ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது. முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மெழுகுவர்த்தியோடு எட்டிப் பார்த்தேன். அப்பத்தா கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்தாள். டப்பா காலி, பக்கத்தில் மூடி. வாயில் பல் முழுசாக இருந்தது. என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மெழுகுவர்த்தியை ஊதிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.